மகளுக்கு மாடி, வாப்பாவுக்கு வாடி

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் சரீபா தேநீரைக் குடித்து முடித்தாள். "புள்ளயப் புடிச்சிரிக்கி. வீட்டக் காட்டுங்களன்," என்றாள்.

பெண்ணைப் பெற்ற வாப்பா இப்றாஹிமிடம் காட்ட வீடில்லை. கீழ்வீடு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போய்விட்டது, மேல்மாடி இரண்டாமவளுக்கு. கடைக்குட்டி பஸ்மினாவுக்கு மிஞ்சியது, அவரும் மனைவி ஸகியாவும் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழும்பும் குசினிதான். கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவே சுவரோடு சுவர் முட்டி நிற்கும் ஊரில் இனி வீடு கட்ட ஒரு துண்டு வளவுக்கு எங்கே போவது?

"இந்தக் குசினிய இடிச்சிப்போட்டு வீடாக் கட்டித் தாறன்."

"அப்ப நீங்க எங்க இரிப்பீங்க?"

அவர் இன்னும் ஒரு தேநீர் ஊற்றச் சொன்னார். "பொறகு சொல்லியனுப்புறம்," என்று வந்தவர்கள் எழும்பினார்கள். முன்பு வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். பஸ்மினா கோப்பைகளை எடுத்துப் போனாள். அவள் அழுதிருந்தாலாவது தேற்றியிருக்கலாம்.

ஸகியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்மட றிபாத்துக்குத் தாற வீட்டயாவது போய்ப் பாருங்க. கலியாணத்துக்கு முன்ன மாடி முடியணுமெண்டு கண்டிப்பாச் சொல்லுங்க."

றிபாத் அவர்களின் ஒரே மகன். அவனுக்குப் பெண் பேசியபோது வீடு கேட்டது இப்றாஹிம்தான். ஊரே கேட்கிறது, அவரும் கேட்டார்.

சம்பந்தி அப்துல் கபூரின் வீட்டில் மாடி கட்டும் மேசன்மார் மட்டும் நின்றார்கள். அவர் கடற்கரையில் இருப்பதாகச் சொன்னார்கள். சுனாமிக்குப் பிறகு யாரும் குடியிருக்கக் கூடாதென்று விலக்கிய கரை அது. அங்கே வலை போட்டுவைக்கும் ஓலை வாடிக்குள் அவருடைய மனைவி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

"கீழ்வீடு மூத்தவளுக்கு, மாடி இவளுக்கு. நாங்க இனி இங்கதான்," என்றார் கபூர். "மழைக்கு முன்ன முடிச்சித் தருவன். கோவிக்காதீங்க சம்மந்தி."

இப்றாஹிம் மணலில் குந்திவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. "மாடியில நீங்க போய் இரிங்க. எங்களுக்கு வேணாம்."

கபூர் பதறி எழும்பினார். "கலியாணம் வேணாமெண்டா சொல்றீங்க?"

"வீடுதான் வேணாம். புள்ள வேணும். றிபாத் வாடகைக்கு ஒரு வீடு எடுக்கட்டும்."

சேதி கேட்டு ஸகியா கொதித்தெழுந்தாள். "அப்ப நம்மட மகளுக்கு ஆரு இப்பிடி விட்டுத் தருவாங்க?"

"தெரியா," என்றார் இப்றாஹிம். கண் கலங்கியது. "மகனுக்கு வீடு கேட்ட வாயால, மகளுக்கு வீடில்லயெண்டு அல்லாஹ்க்கிட்ட எப்பிடி அழுற, புள்ள? கேக்கிறத நாமதான் முதல்ல நிப்பாட்டணும். இல்லாட்டி இந்த ஊருல பொம்புளப் புள்ளயப் பெத்தவனுக்கெல்லாம் கடல்தான் மிச்சம்."