மூட்டைக்காரன் முடிச்சு

பிடித்த ஆளை ஒரே நாளில் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது பழைய சட்டம். மூட்டை தூக்கும் என் தம்பியைப் போலீஸ் பிடித்து நான்கு நாளாகிவிட்டது. மனு போட்டேன்.

"அப்படி ஒருத்தனை நாங்க பிடிக்கவே இல்லைங்க ஐயா," என்று நீதிமன்றத்தில் கூசாமல் புளுகினார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப தினமும் ஸ்டேஷன்ல நான் குடுத்த சோத்தை யாருய்யா தின்னது?"

"நான்தாம்மா."

துணியில் கட்டித் திரும்பி வந்த காலிப் பாத்திரத்தை அவர் முன் வைத்தேன். மூட்டைக்காரர்கள் போடும் முடிச்சு அதில் இருந்தது.

"இந்த முடிச்சும் நீங்க போட்டதுதானே? அவுத்துட்டு மறுபடி போடுங்க, பார்ப்போம்."

அவர் விரல்கள் மல்லுக்கட்டின. முடிச்சு அசையவில்லை.

"ஒரு மணி நேரத்துல அந்த ஆள் இங்க இருக்கணும்," என்றார் நீதிபதி.

"உயிரோட, ஐயா," என்றேன். "அதையும் சேர்த்து எழுதுங்க."