முடியாது என்று யாரும் சொல்லவில்லை

"நாளைக்கே ஒருத்தர் லீவு போட்டுட்டாருன்னு வை. அந்த டூட்டிய யாருக்குப் போடுவ?"

அவளுக்கு டிப்போ மேனேஜர் பதவி கிடைத்த அன்று சாயங்காலம், அதே டிப்போவில் பஸ் ஓட்டும் அவள் புருஷன் கேட்ட கேள்வி அது. இருவரும் மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"யார் முறை வருதோ அவங்களுக்கு."

"அதான் இல்ல. எனக்குப் போடு."

"உங்களுக்கா? எதுக்காம்?"

"அட மக்கு, வேற யாருக்குப் போட்டாலும், புருஷனை நிழல்ல உட்கார வெச்சுட்டு நம்மள வெயில்ல விரட்டுறான்னு பேசுவானுங்க. முதல் பேரு என் பேரா இருந்தா ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான்."

"இப்படியெல்லாம் பேசினா நான் மயங்கிடுவேன்னு நினைப்பா?"

"மயங்கலையா?"

மயங்கித்தான் போனாள். காய்ந்த போர்வையை அவன் தலையில் போட்டு மூடி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு தானும் உள்ளே புகுந்துகொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்குக் கொடுத்த பரிசுகளில் அதுதான் பெரியது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சலாகப் பிறந்த அந்த ஏற்பாடு டிப்போவில் எழுதாத சட்டமாகிவிட்டது. யார் வராவிட்டாலும் டூட்டி போர்டில் அவன் பெயர் ஏறும். மற்றவர்கள் "மேடம் நியாயமானவங்க" என்றார்கள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது டிரைவர்களுக்குப் பஞ்சமில்லை. பிறகு ஊருக்குள் புதிதாக வந்த இன்னொரு பஸ் கம்பெனி கூடுதல் சம்பளம் காட்டிக் கூப்பிட, ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். போனவர்களின் இடத்துக்கு ஆள் வரவில்லை. ஒரு ட்ரிப் ரத்தானால் நகராட்சி அபராதம் போடும். அடிக்கடி ரத்தானால் ரூட்டையே பிடுங்கி அந்தப் புதுக் கம்பெனியிடம் கொடுத்துவிடும். ரூட் போனால் டிப்போ போகும். பஸ் கழுவுகிறவர்களிலிருந்து மெக்கானிக் வரை எல்லார் வீட்டு அடுப்பும் அந்த ரூட்டில்தான் எரிந்துகொண்டிருந்தது.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. "இன்று என்னால் ஓட்ட முடியாது" என்று டிரைவர் தன் வாயால் சொல்லிவிட்டால் அவரை அனுப்பக் கூடாது. மீறி அனுப்பினால் மேனேஜர்தான் பொறுப்பு. நல்ல விதிதான். ஆனால் அப்படிச் சொன்னவரை, டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். அதுவரை பாதிச் சம்பளம். எனவே யாரும் சொல்வதில்லை. யாரும் சொல்லாததால் எல்லாருக்கும் முடிகிறது என்று தலைமை அலுவலகம் எடுத்துக்கொண்டது.

தலைமை அலுவலகம் என்றால் வட்டார மேலாளர். டிப்போவில் அவருக்குப் 'போன்சாமி' என்று பெயர். நேரில் காட்சி தராமல் போனிலேயே அருள் புரிகிறவர்.

"சார், ஆளு வேணும் சார். இருக்கறவங்களை வெச்சே டபுள் டூட்டி ஓட்டிட்டு இருக்கேன்" என்று அவள் எத்தனையோ முறை கெஞ்சிவிட்டாள்.

"யாராவது முடியாதுன்னு சொன்னாங்களாம்மா?"

"சொல்லல சார். ஆனா பார்த்தாலே தெரியுது..."

"நீங்க பாக்கறதெல்லாம் எனக்குக் கணக்குல வராதும்மா. எனக்கு மட்டும் மேல ஆளு இல்லையா? அவங்க என் கழுத்துல கத்தி வெச்சிருக்காங்க. வண்டி ஓடணும், அவ்வளவுதான்."

பார்த்தால் தெரிந்தது. அதுவும் வீட்டில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. நேற்றுக் காலை மகள் சமையலறைக்கு ஓடிவந்து, "அம்மா, அப்பா பல்லு தேய்ச்சுக்கிட்டே தூங்குறாரு, வந்து பாரேன்!" என்று சிரித்தாள். கண்ணாடி முன்னால், வாயில் பிரஷ்ஷோடு, சுவரில் தோளைச் சாய்த்து நின்றபடி அவன் உறங்கிக்கொண்டிருந்தான். நுரை சட்டையில் வழிந்திருந்தது.

"அப்பாவுக்கு லோ பேட்டரி" என்றாள் மகள்.

அவனைத் தட்டி எழுப்பி, முகத்தைத் துடைத்துவிட்டு, அவள் மெதுவாகக் கேட்டாள். "என்னங்க, முடியலன்னா ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"எனக்கென்ன? நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதன் காரணம் அவளுக்கே தெரியும். அவன் சொல்லிவிட்டால் அவள் எதையாவது செய்தாக வேண்டும். சொல்லாதவரை கண்ணை மூடிக்கொள்ளலாம். அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதும், அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிடுவதும் மாதக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. வெளியே வந்துவிடாதா என்று ஏங்கினாள். வந்துவிடுமோ என்று நடுங்கவும் செய்தாள்.

இன்று மதியம், பெரியாஸ்பத்திரி ரூட்டில் போகவேண்டிய டிரைவர் மீசைக்காரர் போன் செய்தார். காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை, இன்னிக்கு லீவு, மன்னிச்சுக்குங்க மேடம் என்றார். போனை வைத்த கையோடு அடுத்த அழைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ்.

"பஸ் வந்துடுமில்ல மேடம்? டயாலிசிஸ் முடிஞ்சவங்கல்லாம் வாசல்லயே உக்காந்திருக்காங்க. போன வாரம் வண்டி வராம ஒருத்தரு நடந்தே போறேன்னு கிளம்பி ரோட்டுல விழுந்துட்டாரு. வந்துடும்னு சொல்லிடவா?"

"சொல்லுங்க" என்றாள்.

ஓய்வறையில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் பாட்டு அண்ணன், எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும் டிரைவர். நேற்று டபுள் பார்த்தவர், இன்று பாடக்கூட இல்லை. இன்னொருவன் அவள் புருஷன். விடிவதற்கு முன் வண்டி எடுத்தவன் இப்போதுதான் இறங்கியிருந்தான். பெஞ்சில் டிபன் பாக்ஸ் திறந்தபடி இருந்தது, சாப்பாட்டில் கை படவில்லை.

அவள் போன்சாமியைக் கூப்பிட்டாள். "சார், இந்த ஒரு ட்ரிப்பை மட்டும் ரத்து பண்ணிடறேன் சார்."

"ஆஸ்பத்திரி ரூட்டா? விளையாடுறீங்களா? நாளைக்கு நகராட்சியில மீட்டிங் இருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் அங்கதானே இருக்காரு?"

"இருக்காரு சார்."

"முடியாதுன்னாரா?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவன் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தான். மூடி பொருந்தவில்லை. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான்.

"இல்ல சார்" என்றாள்.

"அப்புறம் என்ன?"

மார்க்கரை எடுத்தாள். அவளுடைய மூளை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்க, பழகிப்போன கை மீசைக்காரர் பெயரை அழித்துவிட்டு அவன் பெயரை எழுதிவிட்டது.

பாட்டு அண்ணன் எழுந்து வந்தார். "மேடம், நான் வேணா போறேன். கண்ணு மட்டும் கொஞ்சம் எரியுது, மூஞ்சில தண்ணி தெளிச்சுக்கிட்டா சரியாயிடும்."

"நீ உக்காருண்ணே" என்றான் அவள் புருஷன், வாசற்படியில் நின்று. "எரியிற கண்ணோட போயி எவன் மேல ஏத்தப்போற?"

"ஆமா, இவரு கண்ணு மட்டும் பன்னீர்ல கழுவி வெச்சிருக்கு. போய்யா."

சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த மெக்கானிக் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கவுன்ட்டருக்கு வந்தான். அவள் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவன் கை நீண்டது. சாவிக்குப் பக்கத்தில், வெறும் மேஜையில் விழுந்தது. விரல்கள், இல்லாத சாவியை அள்ளி மூடிக்கொண்டன. அவன் திரும்பி நடக்கவும் ஆரம்பித்துவிட்டான்.

சிரிப்பு நின்றுபோயிற்று.

இரண்டடி போனவன் கையை விரித்துப் பார்த்தான். சாவி இல்லை. அவளுக்கு ஓடிப்போய் அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தாள். பெண்டாட்டியாகப் பேசுவதா, மேனேஜராகப் பேசுவதா என்று தெரியவில்லை. மேஜைமேல் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி எண்.

அவன் திரும்பி வந்தான். பாட்டு அண்ணனைப் பார்த்தான், மெக்கானிக்கைப் பார்த்தான். எல்லார் காதிலும் விழும்படி, ஆனால் அவளை நிமிர்ந்து பார்க்காமல், பேசினான்.

"காலையில பாலத்தைத் தாண்டினது எனக்கு ஞாபகமே இல்ல. வண்டி நிறைய ஆளுங்க இருந்தாங்க. முழிச்சுப் பார்த்தா பாலம் பின்னாடி இருக்கு."

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். உங்களுக்குக் கஷ்டம் வரும்னுதான் கேக்கல" என்றான் அவன். சாவியை விரல் நுனியால் அவள் பக்கம் தள்ளினான். "என்னால முடியல மேடம். என்னை வண்டி எடுக்க விடாதீங்க."