நிறுத்தி வைத்த உத்தரவு

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸை பிரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள்தான் வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டாள்.

மூன்று வருஷம் பிரிந்திருந்த புருஷன், லாரி ஓட்டுகிறவர், நாலு மாதம் முன்பு பெட்டியோடு திரும்பி வந்தார். மகள் சுண்டுவுக்காகக் கோர்ட் உத்தரவுப்படி ஜீவனாம்ச ஆபீசில் அவர் மாதாமாதம் கட்டிவந்த பணத்தை, "ஒரே அடுப்புதானே, இனி எதுக்கு?" என்று இருவரும் பேசி நிறுத்திக்கொண்டார்கள். ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்ல இருவருக்குமே தோன்றவில்லை.

ஆபீஸ் அவருக்கு அனுப்பிய நோட்டீஸின் நகல் இன்று காலை அவளுக்கு வந்தது. நாலு மாத பாக்கி. பத்து நாளில் பதில் இல்லையென்றால் அவருடைய லைசென்ஸ் முடக்கப்படும். லைசென்ஸ் போனால் லாரி போச்சு, லாரி போனால் பிழைப்பே போச்சு.

அதை வாங்கிப் படித்த புருஷன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நீ ஏதாவது புகார் எழுதிப் போட்டியா?"

"ஆமா, உங்க சட்டையைத் துவைச்சுப் போட்ட கையோட அதையும் எழுதிப் போட்டேன். செருப்பை மாட்டுங்க, போவோம்."

ஆபீசில் இருந்த அம்மாளுக்குக் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க இவளால் முடியுமா? "இப்படிக் கொடுங்கம்மா" என்று வாங்கி, காதுப்பக்கம் பதமாக வளைத்துக் கொடுத்தாள்.

அந்த அம்மாள் மனசு இளகி விவரம் சொன்னார். "ஒண்ணா இருக்கோம், பாக்கி எதுவும் இல்லைன்னு நீங்க எழுதிக் கொடுங்க. லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா உத்தரவை முடிக்கணுமா, நிறுத்தி வைக்கணுமா? முடிச்சா, நாளைக்கு ஏதாவதுன்னா முதல்லேர்ந்து கேஸ் போடணும். நிறுத்தி வச்சா, ஒரு லெட்டர் போதும்."

முதல் கேஸுக்குப் பதினாலு மாதம் அலைந்தது அவள் காலுக்கு நினைவிருந்தது.

"நிறுத்தி வையுங்க."

புருஷன் முகம் தொங்கிவிட்டது. "அப்ப நீ என்னை இன்னும் நம்பல."

"நம்புறதாலதான் பக்கத்துல உட்கார வச்சுச் சொல்றேன். இது உங்க காசும் இல்ல, என் காசும் இல்ல. சுண்டு காசு. அதுக்கான உத்தரவை விட்டுக் கொடுக்க நான் யாரு?"

அவர் பதில் சொல்லுமுன் அந்த அம்மாள் அவருடைய லைசென்ஸைத் திருப்பிப் பார்த்தார். "சார், விலாசம் வேறயா இருக்கே. ஒண்ணா இருக்கீங்கன்னு எப்படி எழுதறது?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது பழைய ரூம். இன்னும் காலி பண்ணல. கொஞ்சம் சாமான் கிடக்கு."

"என்ன சாமான்?" என்றாள் அவள்.

"ஒரு பக்கெட். ஒரு துடைப்பம்."

"நாலு மாசமா பக்கெட்டுக்கா வாடகை கட்டுறீங்க?"

ஆபீஸ் அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணாடி அசையவில்லை.

"நீ துரத்திட்டா எங்க போறதுன்னு ஒரு பயம்தான்" என்று முணுமுணுத்தவர், சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "சாயங்காலமே காலி பண்ணிடறேன். அப்ப நீ உத்தரவை..."

"அது அங்கேயே கிடக்கட்டும். அதுக்கு வாடகை கிடையாது. பக்கெட்டை மட்டும் கொண்டாங்க, நம்மளது ஓட்டை."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை எடுத்தார். அந்த அம்மாள் நீட்டிய பாரத்தில் விலாசக் கட்டத்தில் தெருப் பெயரை எழுதி, அதோடு நிறுத்தினார்.

"ஏய், நம்ம வீட்டு நம்பர் என்ன?"

அவள் சொன்னாள். அவர் அழுத்தி எழுதினார்.