ஒன்பதாம் எண் புள்ளி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. ஊசி போட்டுப் பாதி வாய் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சுவரில் சத்தத்தை அணைத்துவிட்ட தொலைக்காட்சி, அதில் ஏதோ கால்பந்து ஆட்டம். பக்கத்து நாற்காலியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, கட்டைவிரலால் திரையில் எதையோ மறைத்தபடி இருந்தார். விரல் ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"பந்தை மறைக்கிறேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பந்தைப் பாத்துக்கிட்டே இருந்தா ஆளைப் பாக்க முடியாதுங்க."

அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது, ஒரு கட்டைவிரலும் ஒரு வாக்கியமும். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது பந்து உருண்டையாக இருக்கும் என்பதுதான். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய், வீக்கமான கன்னத்தோடு, கட்டைவிரலை நீட்டிக்கொண்டு ஒரு முழு ஆட்டம் பார்த்தேன். வாயடைத்துப் போனேன் (ஊசியால் அல்ல).

2

தொடக்கங்கள்.

"மேகம் கவிந்த அந்தக் காலையில், மைதானத்தின் பசும்புல்லின் மீது—" (வேண்டாம். இந்தக் கதை நடப்பது ஓர் அறைக்குள்.)

"கால்பந்தும் வாழ்க்கையைப் போலத்தான்—" (இதை எழுதிய கையை நானே ஒரு போடு போட்டேன்.)

"அவள் தன் தம்பியை விற்றுவிட்டாள்." 

இது இருக்கட்டும்.

3

கதைக்கு வருகிறேன். ஒரு கால்பந்து கிளப். பெரிய கிளப் இல்லை, சின்னக் கிளப்பும் இல்லை. தோற்றால் ஊரே திட்டும், ஜெயித்தால் ஊர் எல்லையைத் தாண்டிச் செய்தி போகாது, அந்த அளவு. அங்கே எந்த ஆட்டக்காரரை வாங்குவது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்பவள் நம்முடைய ஆள். அவளுடைய சொந்தத் தம்பிதான் அந்த அணியின் லெஃப்ட் பேக், அதாவது இடதுபக்கக் காவல். அவன் அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, மேலாளர் முதல் புல் வெட்டுகிறவர் வரை எல்லாருக்குமே அவள் அக்காவாகிவிட்டாள். எனக்கும் அப்படித்தான்.

அக்காவின் அறை பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. அதனால் கூரை சரிவு. கதவுப் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், மேசைப் பக்கம் குனிய வேண்டும். கூட்டம் துள்ளினால் மேலிருந்து சுண்ணாம்பு உதிரும். சுவரில் ஓர் இரும்புப் பலகை, அதில் இருபத்தைந்து காந்த வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அவள் வேலை முழுக்க அந்தப் பலகைதான். ஒரு வில்லையை எடுத்தால்தான் இன்னொன்றை ஒட்டலாம்.

(குறிப்பு: போட்டி நடத்தும் சங்கம் ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பள வரம்பு வைத்திருக்கிறது. எல்லா ஆட்டக்காரர்களின் சம்பளமும் சேர்ந்து அதைத் தாண்டினால் புதியவரைப் பதிவு செய்ய மாட்டார்கள். மேலே விளக்கம் கேட்காதீர்கள், எனக்கு இதுவே தலை சுற்றுகிறது.)

அன்று பதிவுக் காலத்தின் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அணியில் கோல் போட ஆள் இல்லை. பேசி முடித்த ஒரு ஸ்ட்ரைக்கர் பெட்டி படுக்கையோடு வந்து ஓட்டல் அறையில் காத்திருக்கிறான். அவனைப் பதிவு செய்ய இடம் வேண்டும். பலகையை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரே வழிதான் இருந்தது. தம்பி போக வேண்டும். அவன் சம்பளத்தில் ஒரு பாதி ஸ்ட்ரைக்கருக்கு, மறுபாதியில் மலிவாக வேறொரு லெஃப்ட் பேக்.

தம்பிக்கு முப்பத்து மூன்று வயது. போன பருவத்தில் அவன் கால்பட்டு விழுந்த கோல் ஒன்று. பந்தைத் தொட்ட எண்ணிக்கையில் அணியிலேயே கடைசி. இன்னொரு கிளப் அவனுக்கு மூன்று வருட ஒப்பந்தம் தரத் தயாராக இருந்தது. இந்த வயதில் மூன்று வருடம் என்பது லாட்டரி. அதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள், அவனுக்கும் தெரியும்.

காலையில் அவனை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் சரிந்த கூரைக்கு அடியில் தலையைச் சாய்த்தபடியே நின்று கேட்டான்.

"சரிக்கா. நீ பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"கோபமா?"

"எதுக்குக் கோபம்? ஊரெல்லாம் உன்னை ஆளைப் பாத்தா எடை போட்டுடுவான்னு சொல்லுது. உன் கண்ணுக்கே நான் படலைன்னா, நிஜமாவே அவ்வளவுதான் போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். போகும்போது தலையை இடித்துக்கொண்டான். பதினொரு வருடமாக அந்த அறைக்கு வருகிறவன், அன்றுதான் முதல் தடவை இடித்துக்கொண்டான்.

4

இப்போது வீடியோக்காரர். ஐம்பத்தைந்து வயது, முதுகு வலி, முன்பு கடைகளில் கண்காணிப்புக் கேமரா மாட்டிக்கொண்டிருந்தவர். பேச்சு குறைவு. அவரும் அக்காவும் சேர்ந்து ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வாங்க நினைக்கும் ஆட்டக்காரர்களை முகம் பார்த்து, பெயர் பார்த்து எடை போடுவதில்லை. அவர் ஆட்டத்தை மேலிருந்து பார்ப்பதுபோல மாற்றி, ஆட்களை எல்லாம் புள்ளிகளாக்கிவிடுவார், ஓர் அணி கறுப்பு, எதிரணி வெள்ளை. பந்து கிடையாது. முகம், நடை, முடி, சட்டை நிறம் எதுவும் கிடையாது. பன்னிரண்டு துண்டுகள், ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டிய புள்ளிக்கு மட்டும் ஓர் எண். அவள் பார்த்து மதிப்பெண் எழுதி மூடிக் கொடுத்த பிறகுதான் எந்த எண் யார் என்று சொல்வார்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று மட்டும் எப்போதும் தங்கள் அணி ஆளாக இருக்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'உப்பு'. புது ஆள் என்றாலே கண் மயங்கும்; கையில் இருப்பவன் அதைவிட நன்றாக ஆடுகிறானா என்று தெரியாமல் காசைக் கொட்டக் கூடாது. அதற்குத்தான் உப்புப் பார்ப்பது.

(இங்கே எனக்கு இரண்டு நாள் கதை நின்றுவிட்டது. சொந்தத் தம்பியைப் புள்ளியாக்கினால் மட்டும் அக்காவுக்குத் தெரியாதா? தெரிந்துவிடும் என்றால் கதை இல்லை. என் மனைவியிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "நான் உங்களை முதுகைப் பாத்தே கண்டுபிடிப்பேன். புள்ளியா வந்தீங்கன்னா உங்களை யாருக்குத் தெரியும்?" என்றாள். கதை நகர்ந்தது.)

அன்று பார்க்க வேண்டிய லெஃப்ட் பேக்குகளின் தொகுப்பை, துணைக்கு ஓர் ஆள் தேடுகிறார்கள் என்று நினைத்து, வீடியோக்காரர் முந்தைய நாளே வெட்டி வைத்துவிட்டார். தம்பியை அனுப்பப் போகிறார்கள் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. உப்பாக மாற்று ஆட்டக்காரன் எவனையாவது போட்டிருப்பார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தம்பி இருப்பான் என்று நினைக்கவே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தாள்.

5

முதல் எட்டும் எட்டு விதமாகச் சுமார். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதினாள்.

ஒன்பதாவது வந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு புள்ளி ஓரக்கோட்டை ஒட்டி மேலே ஓடுகிறது. யாரும் அதற்குப் பந்தைத் தரவில்லை என்பது ஓட்டத்தின் நிறுத்தத்திலேயே தெரிகிறது. திரும்பி நடக்கிறது. மறுபடி ஓடுகிறது. மறுபடி வெறுங்காலோடு திரும்புகிறது. பைத்தியமா இது என்று அவள் நினைத்தாள். மூன்றாவது ஓட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது ஓடும் ஒவ்வொரு முறையும் எதிரணிப் புள்ளிகள் இரண்டு பின்னாலேயே ஓடுகின்றன. அந்த இரண்டும் விட்டுவந்த இடத்தில் ஒரு வெற்றிடம் திறக்கிறது, ஒரு வீட்டுக் கூடம் அளவுக்கு. அதற்குள் வேறொரு புள்ளி சாவகாசமாக நடந்து போகிறது. மற்ற புள்ளிகள் ஓடிவந்து அதைச் சூழ்ந்துகொள்கின்றன, கோல் அந்த வேறொரு புள்ளிக்கு. கைதட்டலும் அதற்குத்தான். ஒன்பதாம் எண் அதற்குள் தன் இடத்துக்குப் பாதி தூரம் திரும்பிவிட்டது.

"இதைத் திரும்பப் போடுங்க" என்றாள்.

இன்னொன்றையும் பார்த்தாள். தன் அணி பந்தை இழந்து எல்லாப் புள்ளிகளும் திரும்புவதற்கு இரண்டு நொடி முன்பே ஒன்பதாம் எண் பின்னால் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம். ஏழு தடவை. இழக்கப்போகிறோம் என்று இருபத்திரண்டு பேரில் ஒருவனுக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அவன் யாரையும் குறை சொல்லாமல் போய் ஓட்டையை அடைக்கிறான்.

 அவளுக்கு இருபது வருடமாக இந்த வேலை. ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண். அந்தக் கண் கலங்கியது. ஒரு மனிதன் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் பத்துப் பேருக்கு இடம் உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான், அதை ஒரு கணக்கும் பிடிக்கவில்லை. இப்படியும் ஓர் ஆட்டம் ஆட முடியுமா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மதிப்பெண் தாளில் எண் எழுதவில்லை. "எப்படியாவது வாங்கிவிடுங்கள்" என்று எழுதினாள். எழுதி, மூடி, வீடியோக்காரரிடம் நீட்டினாள். அவர் பிரித்துப் படித்தார். தாளை மறுபடி மடித்தார்.

"என்னங்க, விலை படியாதா?"

"இல்லைம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது உப்பு."

"எந்தப் பையன்?"

 அவர் எழுந்து போய்ப் பலகையில் காலையில் காலியான இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

6

பதினொரு வருடமாக அவன் இந்த அணியில் ஆடுகிறான், எப்படிப் பார்க்காமல் விட்டாள் என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அவளிடம் கேட்டேன் (எழுதுகிறவன் கேட்கலாம்). உலகத்து ஆட்டக்காரர்களுக்கெல்லாம் கட்டைவிரலை நீட்டியவள், தம்பி ஆடும்போது மட்டும் நீட்டியதில்லை. அப்போது அவள் தேர்வாளர் இல்லை, அக்கா. பந்து அவன் காலுக்கு வந்தால் எவனாவது இடித்து முட்டியை உடைத்துவிடுவானோ என்று பந்தையே பார்ப்பாள். பந்து அவனிடம் இல்லாத நேரமெல்லாம் அவளுக்கு நிம்மதி. அப்போது தண்ணீர் குடிப்பாள், பையில் எதையாவது தேடுவாள். அவன் ஆடியதோ முழுக்க முழுக்க அந்த நேரங்களில்தான்.

7

மணி நான்கு நாற்பது. முடிவுகள்.

(அ) அவள் அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்கிறாள். "பாதிச் சம்பளத்துல இருப்பியாடா?" அவன் இருந்துவிடுவான். அக்கா தன்னைப் பார்த்துவிட்டாள் என்ற ஒன்றுக்காகவே இருந்துவிடுவான். மூன்று வருட ஒப்பந்தம் போகும். அடுத்த வருடம் அவன் முட்டி போகும். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அவன் மனைவி என்னைச் சும்மா விட மாட்டாள்.

(ஆ) அவள் வாயைத் திறப்பதில்லை. அவன் போகிறான், பிழைக்கிறான். காலம் முழுக்க, அக்காவின் கண்ணுக்கே படாதவன் என்று நினைத்துக்கொண்டு.

(இ) கிளப் எங்கிருந்தோ பணம் கொண்டுவந்து எல்லாரும் சேர்ந்து— (வரம்பு வரம்புதான். இதை அழிக்கச் சோம்பல், விட்டுவைக்கிறேன்.)

நான் இப்படி எழுதிக் குழம்பிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய போன் அடித்தது. நான் அடிக்க வைக்கவில்லை. தம்பிதான், அந்த இன்னொரு கிளப்பின் அலுவலகத்திலிருந்து.

"அக்கா, பேப்பரை முன்னாடி வெச்சுட்டாங்க. பேனா கையில இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போட்டுடறேன்."

"கேளுடா."

"என் இடத்துக்கு ஆள் பாத்துட்டியா?"

திரையில் ஒன்பதாம் எண் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வீடியோக்காரர் அதை நிறுத்த மறந்திருந்தார்.

"பாத்துட்டேன்" என்றாள்.

"நல்லா ஆடுறானா?"

"ரொம்ப நல்லா ஆடுறான். நான் இதுவரைக்கும் இப்படி ஒரு ஆளைப் பாத்ததே இல்லை."

 அந்தப் பக்கம் சிரிப்பு. அவள் முகம் வாடக் கூடாது என்று அவன் சிறுவயதிலிருந்து சிரிக்கும் அதே சிரிப்பு.

"என்னைவிடவா?"

8

மணி நான்கு ஐம்பத்தாறு. இந்தக் கேள்விக்குக் கீழே நான் ஒன்பது பதில்கள் எழுதி ஒன்பதையும் கிழித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, எனக்குத் தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை. உங்களுக்கு இருக்கலாம். போனை உங்களிடம் கொடுக்கிறேன். அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான், பார்த்துச் சொல்லுங்கள்.