திறக்காத யன்னல்

ரயிலின் கண்ணாடிப் பெட்டிக்கு டிக்கட் எடுத்தவள் உம்மு குல்சும்தான். திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்குப் போய்த் திரும்பும் சுற்றுலாக் கோச்சி அது. ஒரு தனியார் கம்பனி, கடைசியில் ஏசிப் பெட்டியொன்றைக் கொழுவி, மூன்றாம் வகுப்பைவிடப் பல மடங்கு விலை வைத்திருந்தது. அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தில் கண்பார்வை போன நாளிலிருந்து புருசன் ஸெய்னுதீன் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிவாசலுக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை. போகிறதென்றால் நல்லதிலேயே போகட்டும்.

"சாதாரணப் பெட்டியே எனக்குக் காணுமே," என்று அவர் இழுத்தார்.

"நீங்க பேசாம வாங்க."

ஏறியதும் குளிர் முகத்தில் அடித்தது. கூரை வரைக்கும் கண்ணாடி, மெத்தைக் கதிரைகள். அவர்களுடைய யன்னலோரத்தில் கொழும்புப் பெண்ணொருத்தி மகளோடு இருந்தாள். மகள் போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்கட இடம், மகள்," என்றாள் உம்மு குல்சும்.

இருவரும் எழும்பவில்லை. பெட்டிக்குப் பொறுப்பான பிரகலாதன் ஓடிவந்தான். கழுத்துப்பட்டி கட்டிய பெடியன்.

"கோவிக்காதீங்க அக்கா. நான்தான் அவங்களை இருக்கச் சொன்னனான். நீங்க நடுச் சீற்றில இருங்களன்."

"ஏன்? யன்னலோரம் எண்டுதானே எடுத்தனான்?"

அவன் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயாவுக்குக் கண் தெரியாதுதானே. அவருக்கு யன்னல் எதுக்கு?"

உம்மு குல்சும் விடவில்லை.

"டிக்கட் விக்கேக்க கண் தெரியுமா எண்டு கேட்டீங்களா? கண் தெரியாட்டி அவர் மூட்டையா, கிடைச்ச மூலையில போட்டு வைக்க?"

"சத்தம் போடாதீங்க, பிள்ளை ரெண்டு படம் எடுக்கட்டுமே," என்றாள் கொழும்புப் பெண்.

"உங்கட பிள்ளைக்குப் படமெடுக்க என்ட புருசன்ட இடம்தான் கிடைச்சதா? எழும்புங்க!"

பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். தாயும் மகளும் முணுமுணுத்துக்கொண்டு எழும்பும்வரை அவள் அசையவில்லை. பிறகு புருசனைக் கைபிடித்து யன்னலோரம் இருத்தினாள். வென்றுவிட்டாள்.

கோச்சி சீனன்குடாவை நெருங்கியது. ஸெய்னுதீனின் விரல்கள் கண்ணாடியின் விளிம்பெல்லாம் தடவிக்கொண்டு போயின.

"திறக்கிற கொளுக்கி எங்க?"

"ஏசிப் பெட்டி. திறக்க ஏலாது அக்கா," என்றான் பிரகலாதன், அவளைப் பார்த்து.

ஸெய்னுதீன் கையை மடியில் போட்டார். "கடல் வந்திட்டா?"

"ஓம், இந்தா பக்கத்திலதான்."

"எனக்குத் தெரியல்லயே."

வெளியே கடல் பளபளத்தது. உள்ளே காற்றுமில்லை, உப்பு மணமுமில்லை. மனிசன் குளிர்ப்பெட்டிக்குள் வைத்த மீன்போல இருந்தார்.

"காத்து வேணுமெண்டு முதலே சொல்லியிருக்கலாமே!" என்று அவர்மீதே பாய்ந்தாள்.

"சொல்ல விட்டியா?" அவர் குரலும் உயர்ந்தது. "எனக்கு யன்னல் தேவையில்லை எண்டு அவன் முடிவெடுக்கிறான். ஏசி தேவை எண்டு நீ முடிவெடுக்கிற. என்னட்ட ஆர் கேட்டீங்க?"

கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

"இப்ப கேக்கிறன். என்ன செய்வம்?"

"இறங்குவம்."

தம்பலகாமத்தில் இறங்கி, அதே கோச்சியின் மூன்றாம் வகுப்புக்கு மாறினார்கள். உள்ளே சனம் நெருக்கியது. குழந்தையோடிருந்த ஒருத்தி ஒதுங்கி யன்னலோரத்தைக் கொடுத்தாள். காற்று சட்டையைப் பிடுங்கியது. ஸெய்னுதீன் முழங்கையை வெளியே போட்டு முகத்தை நீட்டினார்.

"வயல் வெட்டு நடக்குது. வைக்கோல் மணக்குது."

"ஓம், மெசின் ஓடுது."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கந்தளாயில் கோச்சி நின்றபோது பிரகலாதன் யன்னலடிக்கு வந்தான். கையில் கேக் பெட்டி.

"அக்கா, உங்கட டிக்கட்டோட உள்ள சாப்பாடு. நான் அப்பிடிச் சொன்னது பிழைதான். ஐயா கோவமா இருக்கிறாரா?"

"அவர் இஞ்சதான் இருக்கிறார். வாயும் இருக்கு. அவரிட்டயே கேளு."

அவன் தடுமாறி அவர் பக்கம் திரும்பினான். "ஐயா... மன்னிச்சுக்கொள்ளுங்க."

"கோவம்தான் தம்பி," என்றார் ஸெய்னுதீன். "கேக்கை நீயே சாப்பிடு. நான் காத்து வாங்க வந்தனான்."

திரும்பும் வழியில் சீனன்குடாவின் உப்புக் காற்று அவர் முகத்தில் அடித்தது. திருகோணமலையில் அடுத்த சவாரிக்கு வரிசை நின்றது. கண்ணாடிப் பெட்டி அந்தக் காசுக்குப் பெறுமதியா என்று ஒருத்தி விசாரித்தாள். உம்மு குல்சும் வரிசை முழுவதற்கும் கேட்கச் சொன்னாள்:

"குளிருக்குள்ள குந்தியிருந்து கண்ணாடி பார்க்கிறதெண்டா அதில ஏறுங்க. கடலுக்கு வந்தா மூண்டாம் வகுப்பு!"