வசுமதிக்கு வலி எடுத்த நாள்

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ மேசை வசுமதிக்குச் சொந்தம். வசுமதி பயிற்சிப் பொம்மை. உடம்பெல்லாம் ரப்பர், வயிற்றுக்குள் ஒரு ரப்பர்ப் பிள்ளை. சிஸ்டர்கள் முறையாகப் பிரசவம் பார்க்கப் பழகவேண்டும் என்று அவளுக்கு அடிக்கடி வலி எடுக்கும். அந்த நாட்களில் எங்களைப் போன்ற சதையும் ரத்தமுமான பொம்பளைகள் வராந்தா பெஞ்சில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு நடக்கும் உபசாரத்தை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஸ்டெல்லா சிஸ்டர் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார். திரையை இழுத்துவிடுவார். "அம்மா, இப்ப உங்க வயித்தத் தொட்டுப் பாக்கப்போறேன், சரிங்களா?" என்று கேட்பார். வசுமதி சும்மா படுத்திருப்பாள். ரப்பர்ப் பிள்ளை வந்ததும் சூடான துண்டால் துடைத்து, அவள் நெஞ்சில் போட்டு, இன்னொரு துண்டால் போர்த்துவார். தொப்புள்கொடியில் துடிப்பு அடங்கிய பிறகுதான் அதை வெட்டுவார். பச்சைப் பிள்ளைக்குக் குளிர் ஆகாது என்று அப்போது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

என் தலைப்பிள்ளை பெஞ்சில்தான் பிறந்தான். ஈரம்கூடத் துடைக்காமல் எடை பார்க்கத் தராசுத் தட்டில் வைத்தார்கள். வைத்த சிஸ்டரை, வசுமதிக்குப் பிரசவம் ஆகிறது என்று உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மேலே ஃபேன் ஓடியது. நான் தவழ்ந்துபோய் எடுத்தபோது பிள்ளை விறைத்துச் செத்துப்போயிருந்தான். "நல்ல எடைதாம்மா" என்று ஆறுதல் சொன்னார்கள். அன்றைக்கு எரிந்த வயிறு இன்னும் அணையவில்லை.

அதனால் இரண்டாவது பிள்ளைக்கு வலி எடுத்ததும் ஒரே முடிவோடு கிளம்பினேன். இது என் நெஞ்சுக்கு வரவேண்டும், தட்டுக்குப் போகக்கூடாது. போனால், மாவட்டத்திலிருந்து பயிற்சியாளர் வந்திருக்கிறார்.

"அஞ்சலை, பெஞ்சில இரு. வசுமதிக்கு ஆயிட்டிருக்கு" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர்.

என்ன நின்றாலும் டீ வேளை நிற்காது. எல்லோரும் போண்டா சாப்பிடப் போனார்கள். நான் வசுமதியைத் தூக்கிவந்து பெஞ்சில் கிடத்தி, என் புடவையை அவளுக்குச் சுற்றிவிட்டு, மேசையில் ஏறிப் படுத்துக்கொண்டேன். பெஞ்சோரம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் ஏழுமலை, அவள் இடுப்பைத் தேய்த்துவிட ஆரம்பித்தார்.

திரும்பி வந்தவர்களில் ஒரு பெண் என் வயிற்றில் கை வைத்தாள். "சார், வசுமதி சூடா இருக்கா."

"புது மாடல்" என்றார் பயிற்சியாளர்.

அப்புறம் நான் மகாராணி. கை கழுவினார்கள், திரை இழுத்தார்கள், தொடுவதற்கெல்லாம் அனுமதி கேட்டார்கள். பொம்மை பேசாது என்பதால் நான் பதில் சொல்லவில்லை. வலியில் உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெளியே இன்னொரு சிஸ்டர் வசுமதியை அதட்டுவது கேட்டது. "அப்ப இனிச்சுது, இப்பக் கசக்குதா? கத்தாதடி." அவள் கத்தவில்லை. கத்தாவிட்டாலும் அதட்டுவதுதான் வழக்கம். பளாரென்று ஓர் அறையும் விழுந்தது.

"எம் பொண்டாட்டி இன்னிக்கு ரொம்பப் பொறுமைங்க" என்று ஏழுமலை சிபாரிசு செய்தார்.

எனக்குப் பெண் பிறந்தாள். பிறந்ததும் வீறிட்டாள்.

"கம்பெனிக்காரன் அழுகையும் வெச்சிருக்கான்" என்றார் பயிற்சியாளர். துடைத்தார்கள், என் நெஞ்சில் போட்டார்கள், போர்த்தினார்கள். ஒன்றையும் விடவில்லை. என் மகள் கதகதவென்று இருந்தாள். எனக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"கண்ணீரும் வருது சார்."

"வெல ஜாஸ்தி இருக்கும்" என்றார் அவர். "சரி, அடுத்த குழு காத்திருக்கு. பிள்ளைய உள்ள வெச்சு மறுபடி ஆரம்பிங்க."

ஸ்டெல்லா சிஸ்டர் பிள்ளையைப் பிடித்து இழுத்தார். நான் இறுக்கினேன். அவர் இழுக்க இழுக்க இறுக்கினேன்.

"கை பிரிய மாட்டேங்குது சார்."

"அப்ப இது ஒரு தடவதான் பெக்கும்போல. வேற கேட்டு வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

நான் மகளோடு மெதுவாக இறங்கி வராந்தாவுக்கு வந்தேன். ஏழுமலை ரொட்டி வாங்கப் போயிருந்தார். என் புடவையில் வசுமதி தனியாகக் கிடந்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது, வயிறு காலியாக இருந்தது. ரப்பர்ப் பிள்ளை துடைக்காமல் தராசுத் தட்டில் கிடந்தது. மேலே அதே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

தொட்டுப் பார்த்தேன். ஜில்லிட்டிருந்தது. எடுத்து நன்றாகத் துடைத்து, வசுமதியின் நெஞ்சில் போட்டு, என் மகளுக்குப் போர்த்திய துண்டில் பாதியை அதற்கும் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அது வாயைத் திறந்து பால் தேடியது. வசுமதி ஒருக்களித்துப் படுத்துக் கொடுத்தாள்.