அப்கிரேடு வைத்த பாஸ்வேர்டு

அக்காள் போன் செய்தபோது மணி இரண்டு.

"மூணுக்குள்ள பதிப்பகத்துக்கு அனுப்பலைன்னா வேலை வேற ஆளுக்குப் போயிடும்டா."

அவள் மொழிபெயர்த்த முதல் புத்தகம், ஆறு மாத உழைப்பு, கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது. நகல் எடுத்து வைக்கத் தெரியாதா என்று திட்ட வந்த வாயை மூடிக்கொண்டு, ரிப்பேர்க்காரத் தம்பி கடையைச் சாத்திவிட்டுப் பறந்தான்.

அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு குடித்தனம். ஆன் செய்தால் ஒரு பட்டியல் வரும். அக்காள் புருஷன், அதாவது மாமா, தன் விண்டோஸ் சிஸ்டத்துக்குள் போவார், அக்காள் தன் லினக்ஸுக்குள் போவாள். இப்போது பட்டியலே வரவில்லை, நேராக மாமா பக்கம்தான் திறந்தது.

"நேத்து அப்கிரேடு பண்ணேன் மாப்ள. இவ பக்கத்தை முழுங்கிடுச்சு," என்றார் மாமா காலாட்டிக்கொண்டே. "போகட்டும் விடு. வீட்டைப் பாத்துக்கறதுக்கு எதுக்கு லினக்ஸு?"

தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுங்குவதாவது! எந்த சிஸ்டம் முதலில் திறப்பது என்ற வரிசையில் அப்கிரேடு தன்னை முன்னால் நிறுத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரின் அடித்தள அமைப்பான பயாஸுக்குள் போய் வரிசையை மாற்றினால் ஐந்து நிமிட வேலை. போனான். பாஸ்வேர்டு கேட்டது.

ஆறு வருஷமாக இந்தப் பெட்டியைப் பார்ப்பவன் அவன்தான். இங்கே பாஸ்வேர்டே கிடையாது.

"யார் மாமா வச்சது?"

"அப்கிரேடுதான் வச்சிருக்கும்."

யார் காதில் பூ சுற்றுகிறார்! அப்கிரேடு என்ன அட்டகாசம் செய்தாலும் பயாஸுக்குப் பூட்டுப் போடாது. அதை ஒரு ஆள் உட்கார்ந்து, யோசித்து, இரண்டு தடவை அடித்துத்தான் வைக்க வேண்டும். அக்காளுக்கும் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் கோபத்தைவிட அவமானம்தான் தெரிந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மணி இரண்டு நாற்பது. பவரைப் பிடுங்கி, ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"டிஸ்க்கைக் கழட்டி என் கடையில மாட்டிக்கறேன்."

மாமா துள்ளி எழுந்தார். "டேய், என் பக்கமும் அதுலதான்டா இருக்கு!"

"இருக்கட்டுமே. காலாட்டறதுக்கு எதுக்கு மாமா சிஸ்டம்?"

இரண்டாவது திருகு தரையில் விழுந்ததும் மாமா பாஸ்வேர்டைக் கொட்டிவிட்டார். எட்டு எழுத்து, நான்கு எண். ஒன்றுகூடத் தடுமாறவில்லை.

மூன்று மணிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது புத்தகம் போய்ச் சேர்ந்தது.

"சும்மா ஒரு விளையாட்டு," என்று மாமா பூசி மெழுகினார். "அதான் அனுப்பியாச்சே, பெருசு பண்ணாதே."

அக்காள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"மீதித் திருகையும் கழட்டுடா," என்றாள் தம்பியிடம். "நானும் வரேன்."